ஐப்பசி வானமும் மலைநாட்டுச் சரிவுகளும்

இலங்கையின் வடகரையோரத்து மீனவர், புரட்டாதி மாதம் முடியும் தறுவாயில், கடலைப் பார்ப்பதற்கு முன்னர் காற்றைப் பார்ப்பர். மே மாதந் தொட்டு ஓயாது வீசிய சோளகம் தளர்ந்து, ஒரு நாள் மேற்கிலிருந்தும் மறுநாள் கிழக்கிலிருந்துமாகத் தடுமாறிப் பின்னர் அடங்கிப் போகும். வாடைக்காற்று அப்போது பிறந்திராது. அதே கிழமையில், கடலே கண்ணுக்குத் தெரியாத ஹற்றன் மலைச்சாரலில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் அம்மாற்றத்தை வேறொரு வகையில் அறிகிறாள். நான்கு மாதமாக விடியற்காலையிலேயே நனைந்துகொண்டிருந்த படங்கு, ஒரு நாள் காலையில் காய்ந்து கிடக்கும். எதிர் மலையில் எத்தனை லயன் வரிசைகள் இருக்கின்றன என்பதை வெகு நாளைக்குப் பிறகு எண்ணிப் பார்க்க முடியும். வெயில் முதுகில் உறைக்கும். அன்று மாலையே இடி முழங்கும்.

மேல்நாட்டார் இந்நாள்களை இலையுதிர்காலத்தின் தொடக்கம் என்பர். நுவரெலியாவிலே ஆங்கிலேயர் தம் நாட்டு வீடுகளைக் கட்டினர். தம் நாட்டு மலர்களை நட்டனர். தம் நாட்டு இலையுதிர்காலத்தை மாத்திரம் கொண்டுவர அவர்களால் முடியவில்லை. இங்கே ஆண்டைப் பகுப்பது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. அவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு காற்றும் ஆட்சி செய்யாத இரண்டு இடைக்காலங்கள் வரும். மார்ச், ஏப்ரல் ஒன்று. ஒக்டோபர், நவம்பர் மற்றொன்று. காற்று இல்லாத காலம் என்றால் மழை குறைந்த காலமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

அதனை விளங்கிக்கொள்வதற்கு, முடிந்து போகும் பருவத்தை முதலிற் பார்த்தல் வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வந்து மத்திய மலைகளின் மேற்குச் சுவரில் மோதுகிறது, மோதி மேலெழுகிறது, எழும்போது குளிர்கிறது. ஓராயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27 பாகை சென்ரிகிரேட்டை ஒட்டியிருக்க, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 16 பாகையளவாய் இருப்பதற்குக் காரணம் இதுவே. குளிர்ந்த காற்று ஈரத்தைத் தாங்காது கொட்டிவிடுகிறது. கொட்டும் இடம் மலைமுடி அன்று, நடுச்சரிவு. வானிலை அவதான நிலையத்தின் சராசரிக் கணக்குப்படி தென்மேல் பருவ ஐந்து மாதங்களிலும் கினிகத்தேனையில் 3,267 மில்லிமீற்றரும், வட்டவளையில் 3,252 மில்லிமீற்றரும், நோர்ட்டனில் 3,121 மில்லிமீற்றரும் மழை பெய்கிறது. வட்டவளையிலிருந்து நுவரெலியா நேர்கோட்டில் 30 கிலோமீற்றர் கூட இல்லை. அங்கே அதே ஐந்து மாதங்களிற் பெய்வது 853 மில்லிமீற்றரே. நான்கில் ஒரு பங்கு!

இன்னுங் கிழக்கே சென்றால் வேறுபாடு மேலுந் துலக்கமாகும். கொழும்பிலிருந்து பதுளைக்கு இட்ட இரயில் பாதையிலே பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் உண்டு. சூலை, ஆகஸ்ட் மாதங்களில் அச்சுரங்கத்தினுள் நுழையும் வண்டி மூடுபனியையும் தூறலையும் பின்னே விட்டு, மறுபுறத்தில் ஒகியப் பக்கம் வெளிப்படும்போது நீல வானத்தையும் பளிச்சென்ற வெயிலையுங் காண்பதுண்டு. மேற்கிலே ஈரத்தைக் கொட்டிவிட்ட காற்று, ஊவாப் பக்கம் இறங்கும்போது நெருங்கிச் சூடேறி, உலர்ந்த காற்றாய் வீசுகிறது. மட்டக்களப்பு வரை சென்று கச்சான் என்று பெயர் பெறுவதும் இதுதான். அப்புத்தளை, பண்டாரவளைத் தேயிலைக்கு உலகச் சந்தையில் நல்ல விலை வாங்கித் தரும் நறுமணம், இவ்வுலர்ந்த காற்றிலே கொழுந்து மெல்ல வளர்வதால் உண்டாவது. ஆகவே மழை வட்டவளைக்கும், மணம் ஊவாவுக்கும் என்று ஐந்து மாதம் பங்கு பிரிந்து நிற்கும்.

ஒக்டோபர் பிறந்ததும் அப்பங்கீடு கலைந்து போகிறது. செப்டெம்பர் முதற் கிழமையில் நுவரெலியாவின் உச்சிக்கு நேரே நின்ற சூரியன், அம்மாதம் 23ஆந் திகதியளவில் மத்திய கோட்டைக் கடந்து தெற்கே செல்கிறது. அதனைப் பின்தொடர்ந்து, வட கோளார்த்தக் காற்றும் தென் கோளார்த்தக் காற்றும் சந்திக்கும் மழைப்பட்டியும் சில கிழமை தாமதித்துத் தெற்கு நோக்கி இறங்கி, இலங்கையின் மேலே வந்து தங்குகிறது. காற்று ஓய்ந்திருக்கிறது, ஈரமோ நிறைந்திருக்கிறது. மழையைத் தூண்டுவதற்கு இனி வெளியிலிருந்து காற்று வரவேண்டுவதில்லை. காலை வெயிலே போதும். இவ்விரண்டு மாதங்களில் ஏறக்குறைய தீவு முழுவதும் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுகிறது. தென்மேற்குச் சரிவுகளோ 750 முதல் 1,200 மில்லிமீற்றர் வரை பெறுகின்றன. மலையின் எப்பக்கத்திலும் மழை உண்டு என்று சொல்லக்கூடிய பருவம் ஆண்டில் இஃதொன்றே. ஹற்றனிலிருப்பவரும் அப்புத்தளையிலிருப்பவரும் ஒரே நாளில் வானத்தைப் பார்த்துக் கவலைப்படும் காலமும் இதுவே.

ஒக்டோபர் நடுவில் ஒரு நாளை எடுத்துக்கொண்டால், அதன் போக்கு அநேகமாக இவ்வாறிருக்கும். விடியும்போது கொட்டகலைப் பள்ளத்தாக்கிலே மூடுபனி ஏரி போலத் தேங்கியிருக்கும். மலைமுடிகள் அதனிடையே தீவுகளாய்த் தெரியும். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறும் நேரத்தில் வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். எட்டரை, ஒன்பது மணிக்குள் பனி கலைந்து, தேயிலைப் பற்றைகளிலிருந்து ஆவி எழும். பத்து மணியளவில் முடியோரங்களிலே உள்ளங்கையளவு வெண்முகில்கள் தோன்றும். அவை அசையாமல், நின்ற இடத்திலேயே மேல் நோக்கிப் பெருக்கும். வெயில் சரிவைச் சுட, சரிவை அடுத்துள்ள காற்று சூடேறி எழுகிறது. அதன் இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று ஏறுகிறது. இதற்கிடையில் மேற்குக் கரையிலிருந்தும் கிழக்குக் கரையிலிருந்தும் புறப்பட்ட கடற்காற்றுகள் உள்நாட்டை நோக்கி வந்துகொண்டிருக்கும். பருவக்காற்று வலிமையாய் வீசும் மாதங்களில் இக்கடற்காற்று தலையெடுக்க இயலாது; இப்போது அதற்குத் தடையில்லை. நண்பகலில் முகிலின் அடிப்பாகம் கறுத்து, தலை கோபுரமாய் உயர்ந்து விரியும். திடீரென்று ஒரு குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கி வீசும். பறவைகள் அடங்கும். இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் மழை இறங்கிவிடும்.

இம்மழையைத் தென்மேல் பருவத்து மழையோடு ஒப்பிடலாகாது. அம்மழை நாள் முழுதும் சிணுங்குவது. அட்டை ஊர்வது, துணி காயாதது, நெருப்பு மூளாதது எல்லாம் அதன் கேடு. இது ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கிழமை மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். மாலை ஆறு மணிக்கு வானம் வெளுத்து நட்சத்திரமும் தோன்றலாம். ஒரு தோட்டத்தின் மேற்பிரிவிலே கான்கள் நிரம்பி வழிய, கீழ்ப்பிரிவிலே தரை நனையாதிருப்பதும் உண்டு. ஆனால் இம்மழை வருகின்ற நேரத்தைக் கவனித்தல் வேண்டும். பாடசாலை விடுவது ஒன்றரை மணிக்கு. பிள்ளைகள் ஒற்றையடிப் பாதையால், ஓடை கடந்து, லயனை நோக்கி நடந்துகொண்டிருக்கும் நேரமும், தாய்மார் பிற்பகற் கொழுந்துக்காக உயர்ந்த சரிவிலே நிற்கும் நேரமும் இதுவே. காலையிலே முழங்காலளவு நீர் ஓடிய ஓடை, மேலே எங்கோ பெய்த மழையினால், தன் கரையில் ஒரு துளியும் விழாதபோதே பெருகி வரும். பதினைந்து நிமிடம் பாடசாலைத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளை பத்திரமாக வீடு சேரும். ஆசிரியர் பலர் இதனை அறிவர். ஆயினும் ஓடைக்கு அப்பாலுள்ள லயன்களின் பிள்ளைகள் எவரெவர் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கும் பாடசாலைகள் அதிகமில்லை.

மின்னலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலுமே இலங்கையில் மின்னல் மிகுதி. தேயிலை மலையில் நிற்பவர் இடுப்பளவு பற்றைகளின் நடுவே உயர்ந்து நிற்கும் உருவமாகிறார். மழை கண்டதும் அவர் ஓடி ஒதுங்குவது தனித்து நிற்கும் நிழல்மரத்தின் அடியில். இரண்டும் ஆபத்து, பின்னது பேராபத்து. மின்னல் தெரிந்த கணத்திலிருந்து எண்ணத் தொடங்கி, முப்பது எண்ணுவதற்குள் இடியோசை கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது என்பது கணக்கு. ஓசை மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் செல்வது. அவ்வேளையில் கூடையை இறக்கிவிட்டு, கொழுந்து மடுவத்துக்கோ ஸ்டோருக்கோ இறங்கிவிட வேண்டும். நிறுவைக்கு இன்னும் இரண்டு கிலோ குறைகிறதே என்று நிற்பதுதான் பல உயிர்களைக் குடித்தது. அன்றாடப் பெயருக்கு இத்தனை கிலோ என்று விதி இருக்கும்வரை, நிற்பவரை மாத்திரம் குறை சொல்வதும் நீதியாகாது. இடி கேட்டால் மலையிலிருந்து இறக்குவது கங்காணியின் கடமை என்று எழுதப்பட்டிருந்தால், அவள் தானாக முடிவெடுக்க வேண்டிய தேவையே இராது.

வானொலி நேயர்கள் இப்பருவத்தில் நாள்தோறும் ஒரே வாக்கியத்தைக் கேட்பர். மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்பது அது. தினமும் ஒன்றே சொல்லப்படுவதனால், அது வெறும் சடங்கென்று பலர் காதை மூடிக்கொள்வர். உண்மையில் அவ்வாக்கியம் மாறாதிருப்பதே நற்செய்தி. காலை தெளிவு, மாலை மழை என்ற ஒழுங்கு நீடிக்கிறது என்பது அதன் பொருள். அஞ்ச வேண்டியது அந்த ஒழுங்கு குலையும் நாளை.

குலைப்பது வங்காள விரிகுடா. ஒக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை அக்கடலின் தென்பகுதியில் தாழமுக்கங்கள் பிறக்கின்றன; அவற்றுட் சில சூறாவளியாக வளர்கின்றன. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி அவ்வகையினது. கரையோரத்திலே சூறாவளி என்றால் காற்று. கூரை பறக்கும், தென்னை முறியும். மலைநாட்டிலே அது தண்ணீர். அதன் வரவை அறியும் குறிகள், பிற்பகல் இடிமழையின் குறிகளுக்கு எதிரானவை. விடியும்போதே வானம் மூடியிருக்கும். மழை இரவிலே தொடங்கும். இடி இராது. காற்று வடகிழக்கிலிருந்து ஒரே சீராய் வீசும். கடும் மழையன்று என்றுகூடத் தோன்றும், ஆனால் நிற்காது. இவ்வாறு ஓர் இரவும் ஒரு பகலும் பெய்துவிட்டால், எச்சரிக்கையைக் கேட்பதற்காக வானொலியைத் திறக்குமுன்னரே, மழையை அளந்து பார்க்கத் தொடங்கலாம்.

மலைச்சரிவு எவ்வாறு சரிகிறது என்பதையும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காட்டினால் மூடப்பட்டிருந்த இம்மலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும், கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைக்காகவும் வெட்டித் திறக்கப்பட்டன. பாறையின் மேலே படிந்திருக்கும் மண் பஞ்சு போன்றது, நீரைக் குடிக்கும். அளவோடு குடித்தால் மண்ணுக்குப் பிடிப்பு உண்டு. அளவு கடந்தால், மண்துகள்களுக்கிடையே நிறைந்த நீர் அவற்றை ஒன்றையொன்று தள்ளிப் பிரிக்கிறது. மண்ணுக்கும் பாறைக்கும் இடையிலே ஒரு வழுக்கற் படை உண்டாகிறது. ஓர் ஏக்கர் நிலத்திலே 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், விழுந்த நீர் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர். நிறை நானூறு தொன். இவ்வளவையும் ஒரு சரிவு ஒரே இரவிற் சுமக்க வேண்டும். பழைய தோட்டங்களிலே நீரை மெல்ல வழிநடத்திச் செல்லக் குறுக்குக் கான்கள் வெட்டப்பட்டன. கான் துப்புரவு செய்வது முன்னே நிரந்தர வேலை. ஆள் குறைந்து, செலவு சுருங்கி, கான்கள் தூர்ந்துபோன சரிவுகளில் நீர் தன் வழியைத் தானே தேடுகிறது. லயன்களோ பெரும்பாலும் சரிவை வெட்டிச் சமப்படுத்திய மேடையில், பின்னால் மண்சுவரும் முன்னால் பள்ளமுமாகக் கட்டப்பட்டவை.

1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலே பல உயிர்களைக் கொண்ட மண்சரிவுகளின் பின்னர், ஆபத்தான சரிவுகளை நிலப்படத்திற் குறிக்கும் பணி ஆரம்பமாயிற்று. அதனைச் செய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அந்நிறுவனம் மழையின் அளவை மூன்று படிகளாக வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழித்திருத்தல்; 100 கடந்தால் வெளியேற ஆயத்தமாயிருத்தல்; 150 கடந்தாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கடந்தாலோ உடனே வெளியேறுதல். இவ்வெண்கள் அலுவலகத்துக் காகிதத்திலே கிடக்க வேண்டியவையல்ல. லயன் வாசலிலே இருக்க வேண்டியவை. வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு தகரப் பேணியை, மரமும் கூரையும் மறைக்காத வெளியிலே நிறுத்தினால் அதுவே மழைமானி. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்த அகலம் ஏறக்குறைய 75 மில்லிமீற்றர். அதனிலும் இரு மடங்கு நீர் பேணியில் நின்றால் 150. வானிலை அவதானிகள் காலை 8.30 மணிக்கு அளந்து கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவர். லயனிலும் அவ்வாறே செய்யலாம். நாட்டின் மழைக்கணக்கு பலவும் தோட்டங்களிலே, எழுத்தர்களும் கணக்கப்பிள்ளைகளும் நாள்தோறும் அளந்து எழுதிய ஏடுகளிலிருந்து பிறந்தவையே என்பது நினைக்கத்தக்கது.

பேணியிலே தெரியாததை நிலம் காட்டும். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு. நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையிற் பொருந்தாமை. மரமும் மின்கம்பமும் சாய்தல். இல்லாத இடத்தில் ஊற்றுப் புறப்படுதல். தெளிந்து வந்த பீலித்தண்ணீர் கலங்கி வருதல். அன்றி, மழை பெய்யும்போதே ஊற்று சட்டென்று வற்றிப்போதல். கடைசியாகச் சொன்னது பலருக்கு வியப்பைத் தரும். நீர் உள்ளே வேறு வழி திறந்துகொண்டது என்பதற்கு அது அடையாளம்.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில், பதுளை மாவட்டத்தின் அல்துமுல்லைப் பகுதியிலே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் மறைந்தன. பல நாள் மழையின் பின்னர், ஏழரை மணியளவிலே மலை இறங்கிற்று. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது, வீடிருந்த இடம் சேறாயிருந்தது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தவர் அறிவியலிலே தவறவில்லை. கேட்டவரும் அறிவிலே குறைந்தவரல்லர். போவதற்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு விடை வந்து சேரவில்லை. உயிர் தப்பியோருக்குப் பூனாகலைப் பகுதியில் புதிய வீடுகள் 2016இலே கையளிக்கப்பட்டன.

2025 நவம்பர் இறுதியிலே வந்த டித்வாப் புயல், ஒரு தோட்டத்தையன்று, மலைநாட்டையே சோதித்தது. கிழக்குக் கரையில் ஏறிய அது விரைந்து கடந்து போகாமல் தீவின் மேலே மெல்ல ஊர்ந்து வடக்கு நோக்கிற்று. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. வெளியேற வேண்டிய அளவாக மேலே சொன்னதைப் போல் இரு மடங்கு! நாடெங்கும் 600 பேருக்கு மேல் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களின் மண்சரிவுகளே அவர்களுள் மிகப் பலரைக் கொண்டன. தெருவும் இரயில் பாதையும் அறுந்து, மின்சாரமும் தொலைபேசியும் நின்று, அடுத்த தோட்டத்தில் நடந்ததை இந்தத் தோட்டத்தார் அறிய நாள்கள் சென்றன.

இவ்விடத்தில் வானிலை அறிவிப்பின் எல்லை தெரிகிறது. முன்னறிவிப்பு எவ்வளவு திருத்தமாயிருப்பினும், அது தமிழிலே, காலத்தோடு, கடைசி லயன் காம்பராவரை வந்து சேர்ந்தாலொழியப் பயன் இல்லை. வந்து சேர்ந்தபின்னும், நள்ளிரவில் முதியவரையுங் கைக்குழந்தையையுங் கூட்டிக்கொண்டு போய்த் தங்கும் இடம் எது, அதன் திறப்பு யாரிடம், அங்கே செல்லும் பாதை இன்னொரு சரிவின் கீழால் போகிறதா என்பன மழைக்கு முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். இவை ஒக்டோபர் மாதத்தின் தெளிந்த காலைகளிலே செய்யக்கூடிய வேலைகள். நிலைத்த வீட்டுக்கான நிலமோ வேறு கணக்கு. தோட்டக் காணியில் மிகுதியும் அரசுக்குரியது. 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்தில் உள்ளது. அதிலே நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்தவர் தம் காம்பராவின் சுவரை ஓரடி நகர்த்தவும் உரிமையற்றவர். பாதுகாப்பான சமநிலத்தில் தேயிலை நிற்க, ஆபத்தான சரிவிலே மனிதர் குடியிருக்கும் நிலைமையை எந்த மழைமானியும் மாற்றிவிடாது.

கொழுந்தைப் பொறுத்தவரை ஐப்பசி வளமான மாதம். ஈரமும் வெயிலும் மாறி மாறிக் கிடைப்பதால் அரும்பு விரைந்து வரும், நிறை கூடும், மணம் குறையும். நனைந்த கொழுந்தின் நிறுவையில் நீருக்கென்று ஒரு பங்கு கழிக்கப்படும். எவ்வளவு கழிப்பது என்பது தராசடியில் ஓயாத பிணக்கு. காலைப் பனி நீண்டு வெயில் நேரம் சுருங்கும் கிழமைகளில் இலைக் கொப்புள நோய் தலைகாட்டும். 1946இலே இந்நாட்டுக்கு வந்த அப்பூஞ்சண நோயைத் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தார் வெயில் மணிகளைக் கணக்கிட்டு எதிர்நோக்கும் முறையை வகுத்தனர். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இக்காலத்தில் நிரம்பி நிற்பதால், வான்கதவு திறக்கும் அறிவிப்பையும் ஆற்றோரத்தார் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆண்டின் ஐப்பசி மற்றோர் ஆண்டினதைப் போல இராமைக்குக் காரணம் தொலைவிலே உண்டு. பசுபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்கும் வழமையினும் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில், இலங்கையின் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை பெரும்பாலும் மிகுகிறது. அடுத்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை குறைகிறது. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி சூடேறிக் கிழக்குப் பகுதி குளிர்ந்திருக்கும் ஆண்டுகளும் இவ்வாறே ஐப்பசி மழையைப் பெருக்குவன. ஆகையினால் செப்டெம்பர் மாதத்திலேயே ஓரளவு எதிர்நோக்கிச் சொல்லலாம். ஆனால் அது முழுப் பருவத்தைப் பற்றிய சொல். எந்த மலையில், எந்த இரவில் என்பதை அது கூறாது. டித்வா வந்த 2025ஆம் ஆண்டு எல் நினோ ஆண்டன்று.

நவம்பர் முடிவில் வாடைக்காற்று நிலைபெறும். அப்போது மழைச் சுவர் கிழக்கு முகமாகத் திரும்பிவிடும்; நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவிலுள்ள கொபோனெல்லத் தோட்டம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை 1,281 மில்லிமீற்றர் பெறும். வலப்பனையும் இராகலையும் உடப்புசல்லாவையும் நனையும். 2007 ஜனவரியில் வலப்பனைச் சரிவுகள் இறங்கியது இக்காற்றின் மழையினாலேதான்; ஆதலால் அப்பக்கத்தார் பேணியை உள்ளே எடுத்து வைக்கலாகாது. ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கமோ வெளுக்கத் தொடங்கும். டிசம்பர்ப் பூரணையிலே சிவனொளிபாதமலைக்கு யாத்திரை ஆரம்பமாகி, வெசாக் பூரணைவரை நடப்பது இவ்வுலர்ந்த வானத்தை நம்பியே. ஜனவரியிலே நுவரெலியாவின் தாழ்ந்த புற்றரைகளில், காற்றசையாத தெளிந்த இரவுகளின் முடிவில் உறைபனி வெண்மையாய்ப் படியும். பள்ளத்திலுள்ள இளங்கொழுந்து கருகும். கொழுந்து வரவு குறைந்து, கூடைகள் அரைப்பாகமாய்த் திரும்பும் அந்நாள்களிலே, மேற்கு மலையின் ஸ்டோர்களிலிருந்து எழும் தேயிலை மணம் ஆண்டின் மற்றெந்த மாதத்திலும் இல்லாதவாறு தெருவரை வரும்.